சொன்ன ஹார்ஸ்பவர் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

பவர் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: "கம்பெனி சொன்ன குதிரை என் வண்டியில் இல்லை." இந்தப் புகாருக்குப் பின்னால் மூன்றில் ஒன்று இருக்கும். அந்த எண்ணைப் புரிந்துகொண்டதில் குழப்பம் இருக்கலாம், அளந்த விதத்தில் தவறு இருக்கலாம், அல்லது வண்டியிலேயே கோளாறு இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) என்று பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படுகிறது. நல்ல எஞ்சின்கள் பல அப்படித்தான் வீணாகின்றன.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வண்டியோடு வந்த கையேடு. பவர் எந்த அலகில், எத்தனை ஆர்பிஎம்மில், எந்த ஆக்டேன் பெட்ரோலில் என்று அதில் இருக்கும். இன்னொன்று, ஓபிடி போர்ட்டில், அதாவது காரின் கணினியைப் படிக்க வைத்திருக்கும் சாக்கெட்டில் செருகி, ஓட்டும்போது வரும் அளவுகளைப் பதிவுசெய்யும் சாதாரண ஸ்கேனர். வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பதிவுசெய்து வையுங்கள். கெட்டுப்போன பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அறிகுறி: ஒரே காருக்கு இரண்டு மூன்று எண்கள் சொல்கிறார்கள்

இதில் வண்டியைத் தொடவே வேண்டாம். மெட்ரிக் ஹார்ஸ்பவர், அதாவது பிஎஸ், 735.5 வாட். ஆங்கிலேய முறை ஹார்ஸ்பவர், அதாவது ஹெச்பி, 745.7 வாட். 300 பிஎஸ் என்பது சுமார் 221 கிலோவாட், 296 ஹெச்பி. விளம்பரத்தில் 300, இன்னொரு நாட்டின் பட்டியலில் 296 என்று இருந்தால் யாரும் நான்கு குதிரையைத் திருடவில்லை.

பழைய கார்களில் வித்தியாசம் இன்னும் பெரிசு. அமெரிக்காவில் 1971 வரை பெரும்பாலும் 'கிராஸ்' கணக்கு. ஆல்டர்னேட்டர் இல்லை, வண்டியில் வரும் எக்ஸாஸ்ட் இல்லை, ஏர் ஃபில்டர் இல்லை, எஞ்சினை மட்டும் ஸ்டாண்டில் வைத்து ஓட்டி எடுத்த எண் அது. 1972 மாடல்களிலிருந்து 'நெட்' கணக்கு வந்தது. எல்லா துணைப் பாகங்களும் மாட்டிய நிலையில் அளந்தார்கள். கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் 1971-இல் 330 என்று விற்றது, 1972-இல் 255 ஆனது. பெரும்பகுதி வித்தியாசம் கணக்கு முறையில்தான். அந்தக் காலத்து வண்டியை வாங்கி "75 குதிரை காணாமல் போய்விட்டது" என்று எஞ்சினைப் பிரிக்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு 1980-களின் கடைசியிலிருந்து 2004 வரை தங்கள் நாட்டில் விற்ற கார்களுக்கு 280 பிஎஸ்ஸுக்கு மேல் எழுதவில்லை. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்றவை அந்த எண்ணோடுதான் வந்தன. நிஜத்தில் அதற்கு மேல் கொடுத்தன. அதனால் அப்படி ஒரு கார் டைனோவில் (சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டு பவரை அளக்கும் கருவி) 'அதிகம்' காட்டினால் அதையும் சந்தேகப்பட வேண்டாம்.

நிறுவனம் போட்ட எண்ணே தவறாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்று சொன்னார்கள், வாங்கியவர்கள் அளந்தபோது வரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, இன்டேக், எக்ஸாஸ்ட் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. மஸ்டா ஆர்எக்ஸ்-8 அமெரிக்காவில் 250-லிருந்து 238-க்கு இறங்கியது. வேண்டாம் என்றவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மஸ்டா முன்வந்தது. ஆக, உரிமையாளரின் சந்தேகம் எப்போதும் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் கீழே உள்ளதையெல்லாம் கழித்துவிட வேண்டும்.

அறிகுறி: டைனோவில் 40, 50 குதிரை குறைவாகக் காட்டுகிறது

கம்பெனி சொல்வது எஞ்சினின் கிராங்க் (சுழலும் முதன்மைத் தண்டு) முனையில் வரும் பவர். டைனோ அளப்பது சக்கரத்தில் வருவது. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், பேரிங், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் வரை போகும். ஆல்-வீல் டிரைவ் பொதுவாக அதிகம் விழுங்கும். 300-க்குச் சக்கரத்தில் 255 வந்தால் அது ஆரோக்கியமான வண்டி.

அதற்கும் கீழே இருந்தால் டைனோ தாளைக் கையில் வாங்கி இவற்றைப் பாருங்கள்.

முதலில் திருத்தக் காரணி. அன்றைய வெப்பம், காற்றழுத்தத்தைப் பொறுத்து எண்ணை ஒரு பொது நிலைக்குக் கொண்டுவரும் பெருக்கல் அது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் முறை 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. தாளில் 'எஸ்டிடி' என்று இருந்தால் அது குளிர்ந்த, அடர்த்தியான காற்றை வைத்துப் போட்ட கணக்கு. அதே ஓட்டத்துக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். நண்பர் வண்டி எஸ்டிடி, உங்கள் வண்டி எஸ்ஏஇ என்றால் ஒப்பீடே செல்லாது. டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) உள்ள வண்டிக்கு இன்னொரு சிக்கல்: மேட்டுப் பகுதியில் காற்று மெலிந்தாலும் டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அதைச் சமாளித்துவிடும். அங்கே முழுத் திருத்தம் போட்டால் இல்லாத பவரைத் தாளில் ஏற்றுவதாகிவிடும். எனக்கென்னவோ, திருத்தாத எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குவதுதான் நல்லது.

அடுத்தது கிராஃப். ஹார்ஸ்பவர் என்பது பவுண்டு-அடி டார்க்கை (சுழற்று விசையை) ஆர்பிஎம்மால் பெருக்கி 5252-ஆல் வகுத்தது. அதனால் இரண்டு கோடுகளும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால் சரியாக 5252 ஆர்பிஎம்மில் ஒன்றையொன்று வெட்டியே தீரும். அலகும் அளவுகோலும் சரியாக இருந்தும் வெட்டவில்லை என்றால் தாளில் ஏதோ தவறு இருக்கிறது. அந்தத் தாளை நம்பாதீர்கள். நியூட்டன்-மீட்டரில் இருந்தால் 9549-ஆல் வகுங்கள், கிலோவாட் கிடைக்கும். 6000 ஆர்பிஎம்மில் 350 நியூட்டன்-மீட்டர் என்றால் 220 கிலோவாட், கிட்டத்தட்ட 299 பிஎஸ்.

அப்புறம், ஓட்டிய விதம். ரேஷியோ ஒன்றுக்கு ஒன்று வரும் கியரில் ஓட்டினார்களா? டிராக்ஷன் கன்ட்ரோல் உண்மையிலேயே அணைந்ததா? இரண்டு சக்கரம் மட்டும் சுற்றும்போது ஏதோ வழுக்குகிறது என்று நினைத்து பவரை வெட்டும் கார்கள் உண்டு. அவற்றுக்குத் தனி டைனோ மோட் இருக்கும். முன்னால் வைத்த ஃபேன் இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) நிஜமாகக் காற்று தந்ததா? ஆல்-வீல் டிரைவ் காரை இரண்டு சக்கர டைனோவில் ஏற்றச் சொன்னால் இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நடுவிலிருக்கும் கப்ளிங் கருகிப்போகும்.

டைனோ மேலேயே நம்பிக்கை இல்லையா? மூடிய தடத்தில் கால் மைல் ஓட்டம் ஓடி, கடைசிக் கோட்டில் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். வேகத்தை மணிக்கு மைலில் எடுத்து 234-ஆல் வகுத்து, அந்த எண்ணையே மூன்று தடவை வைத்துப் பெருக்கி (அதன் கனம்), ஓட்டுநரோடு சேர்த்த எடையைப் பவுண்டில் எடுத்துப் பெருக்கினால் பவர் தோராயமாகக் கிடைக்கும். 3500 பவுண்டு, 110 மைல் என்றால் சுமார் 364. எடுத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அது டயர் பிடிப்பையும் ஓட்டுநர் கையையும் சார்ந்தது. கடைசி வேகம் பவரைத்தான் சொல்லும்.

அறிகுறி: எந்தக் கோளாறு விளக்கும் இல்லை, ஆனால் வண்டி சோம்பலாக இருக்கிறது

ஸ்கேனரைச் செருகி, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதியுங்கள். பெடல் நிலை எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள். கீழே விரித்த மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் போய், முழுதாக இறங்கவிடாமல் செய்வது நினைப்பதைவிட அதிகம். மேட்டை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் எண் ஏறிவிடும். முழு அளவு எத்தனை என்பது காருக்குக் கார் மாறும். மேட்டோடும் மேட் இல்லாமலும் ஒரே எண் வர வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

பெடல் முழுதாக இறங்கியும், ஓட்டத்தில் த்ராட்டில் தட்டு முழுதாகத் திறக்கவில்லை என்றால் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, வேண்டுமென்றே பவரைக் கட்டுகிறது. முதல் இரண்டு கியரில் டார்க்கைக் குறைப்பது பல கார்களில் கம்பெனியே வைத்தது. ஸ்போர்ட் மோடில் மட்டும் முழு பவர் தரும் கார்களும் உண்டு. மூன்றாவது கியரிலும், சரியான மோடிலும், எஞ்சின் சூடான பிறகும் கட்டுகிறது என்றால்தான் கோளாறு.

பெட்ரோலையும் பாருங்கள். கையேட்டில் 98 ஆர்ஓஎன் (ஆக்டேனை அளக்கும் ஒரு முறை) என்று இருக்க, 91 ஊற்றினால் ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் காப்பாற்றும்; பவர் இறங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அமெரிக்க பம்புகளில் எழுதியிருக்கும் எண் ஆர்ஓஎன் இல்லை, ஆர்ஓஎன்னும், எம்ஓஎன் என்ற இன்னொரு ஆக்டேன் அளவும் சேர்ந்த சராசரி. அங்கே 93 என்பது கிட்டத்தட்ட 98 ஆர்ஓஎன். நல்ல பெட்ரோலுக்கு மாறினால் உடனே வித்தியாசம் தெரியாது, ஈசியூ புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும்.

அறிகுறி: முதல் ஓட்டம் பிரமாதம், மூன்றாவது ஓட்டத்தில் இழுவை இல்லை

இது வெப்பம். இன்டேக் காற்றின் வெப்ப அளவை மட்டும் பதிவு செய்யுங்கள். டர்போ இல்லாத எஞ்சினில் ஆறு டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் பவர் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். டர்போவில் அதைவிட மோசம். காற்று மெலிவதோடு நாக்கிங்குக்கு (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) பயந்து ஈசியூ டைமிங்கையும் குறைக்கும்.

ஓடும்போது வெப்பம் ஏறி, சீரான வேகத்தில் மறுபடி இறங்கினால் அது இயல்பு. வெளி வெப்பத்துக்குப் பக்கத்திலேயே வராமல் மேலேயே நின்றால்தான் தேட வேண்டும். பம்பருக்குப் பின்னால் காற்றை இன்டர்கூலருக்குத் திருப்பும் பிளாஸ்டிக் தடுப்பு, சின்ன மோதலுக்குப் பிறகு மாட்டப்படாமல் விட்டிருக்கும். தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் என்றால் அதன் தனி மின்பம்ப் நின்றிருக்கும். அது நின்றாலும் எஞ்சின் டெம்பரேச்சர் முள் அசையாது, அதனால்தான் பலர் அதைக் கவனிப்பதில்லை. பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டிய கோன் ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும். சத்தம் நன்றாக இருக்கும், எஞ்சின் இழுப்பது ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் சூட்டுக் காற்று. தடுப்புப் பெட்டி இல்லாத கோன் ஃபில்டரை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உயரமும் இதே கணக்குதான். 1000 மீட்டர் மேலே போனால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கும். அது கோளாறு அல்ல.

அறிகுறி: மேல் ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங் அடிக்கிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது

முழு பூஸ்ட்டில் (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தில்) சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது ஸ்பார்க் தாண்டுவது கஷ்டமாகிறது. பலவீனமான காயிலும் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் பாகம்) தேய்ந்த பிளக்கும் மெதுவாக ஓட்டும்போது நன்றாக இருந்து, அங்கேதான் கைவிடும்.

ஸ்கேனரில் கோளாறுக் கோட் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர். உடனே காயில் வாங்கப் போகாதீர்கள். மூன்றாவது காயிலையும் முதலாவதையும் இடம் மாற்றி, அந்தக் கோட்-ஐ அழித்துவிட்டு, அதே மாதிரி ஒருமுறை ஓட்டுங்கள். கோட் பி0301 ஆனால் காயில்தான், சந்தேகமில்லை. மூன்றிலேயே நின்றால் பிளக்கை மாற்றிப் போட்டு இதையே செய்யுங்கள். அதுவும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று உள்ளே போகலாம்.

பிளக்கைக் கழற்றியதும் வெள்ளை பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடினால், ஸ்பார்க் உள்ளே போகாமல் வெளிப்பக்கமாகக் கசிந்திருக்கிறது. பிளக்கோடு காயிலின் ரப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும். பிளக்கின் ஸ்பார்க் தாண்டும் இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்துப் பாருங்கள். பூஸ்ட்டைக் கூட்டி ரீமேப் செய்த வண்டிக்கு, கம்பெனி சொன்னதைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளி தேவைப்படும். ரீமேப் செய்தவரே அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவரிடம் ரீமேப் செய்யாதீர்கள்.

மிஸ்ஸிங் காலையில், குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வந்து சூடானதும் சரியாகிறதா? பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் பெட்ரோல் இன்டேக் வால்வுகளைக் கழுவுவதே இல்லை. அவற்றின் மேல் கரி படியும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் அங்கே போய்ச் சேராது. இன்டேக்கைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்வதே சரியான வழி.

அறிகுறி: டர்போவில் 'உஸ்' என்ற சத்தம், பூஸ்ட் ஏறவில்லை

ஈசியூ கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட் இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். கேட்பது மேலே, வருவது கீழே என்றால் எங்கோ கசிகிறது, அல்லது வேஸ்ட்கேட் (டர்போவைத் தவிர்த்து எக்ஸாஸ்ட்டை வெளியே விடும் கதவு) முழுதாக மூடவில்லை. இன்டர்கூலர் ஹோஸ்களின் இணைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே எப்போதும் கொஞ்சம் எண்ணெய் ஆவி இருக்கும். கசியும் இடத்தில் அது வெளியே வந்து, தூசி ஒட்டி, கறுத்த ஈர வளையமாக நிற்கும். கிளாம்ப்பை இறுக்கினாலே சரியாகிவிடலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் புகைச் சோதனை, அதாவது குழாய்க்குள் புகையைச் செலுத்தி எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. ஆக்சிலரேட்டரை விடும்போது மிச்ச பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் படலம் கிழிந்திருப்பதும் சகஜம்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கசியும் காற்றை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும். சின்ன ஹோஸ் கசிவு பெரிய டர்போ செலவாக முடிவது அப்படித்தான்.

அறிகுறி: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. நான்காவது கியரில், 2500 ஆர்பிஎம் பக்கத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். முள் மட்டும் துள்ளி ஏறினால் உறுதி. கருகிய வாடையும் வரும். ரீமேப் செய்த சில நாளில் இது ஆரம்பித்தால் கிளட்ச் தாங்கும் டார்க்கைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒன்றும் செய்யாத வண்டி என்றால் கிராங்க் பின் சீலிலிருந்து எண்ணெய் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கிளட்ச் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுக் கிளட்ச்சும் நனைந்துபோகும்.

அறிகுறி: மெதுவான வேகத்தில் பெரிய கியரில் மிதித்தால் 'டக்' என்று ஒரு அடி

சிறிய டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் இது ஆபத்தான சத்தம். குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பாரம் கொடுக்கும்போது ஸ்பார்க் வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்டன் உடையக்கூடும். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். எஞ்சின் எண்ணெய் டப்பாவில் ஏபிஐ எஸ்பி அல்லது எஸ்என் பிளஸ் என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். இந்தக் கோளாறைக் கட்டுப்படுத்தும் சோதனை இவற்றில் உண்டு. கம்பெனி சொன்ன தரத்தோடு இதுவும் இருக்க வேண்டும்.

அறிகுறி: எலக்ட்ரிக் அல்லது ஹைப்ரிட் காரில் சொன்ன பவர் சில நொடிதான்

மோட்டார் எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று, பேட்டரி எவ்வளவு தரும் என்பது வேறு. டெஸ்லா பி85டி வந்தபோது இரண்டு மோட்டார்களின் திறனைக் கூட்டி 691 என்று சொன்னார்கள். பேட்டரி தரக்கூடியதை வைத்துப் பின்னர் வந்த எண் 463. ஹைப்ரிட்டிலும் கூட்டக் கூடாது. நான்காம் தலைமுறை ப்ரியஸ் வேகத்துக்கான கார் இல்லைதான், ஆனால் கணக்கு தெளிவாகத் தெரியும்: எஞ்சின் 98 பிஎஸ், மோட்டார் 72 பிஎஸ், சேர்ந்து 122. சார்ஜ் பாதிக்குக் கீழே இருந்தாலும், பேட்டரி குளிர்ந்திருந்தாலும், தொடர்ந்து ஓட்டிச் சூடேறியிருந்தாலும் பவர் குறையும். நிறைய சார்ஜோடும், கார் தயார் என்று சொல்லும் நிலையிலும் மறுபடி அளந்து பாருங்கள்.

அறிகுறி: பிரேக் பெடல் ஆழமாக இறங்குகிறது, அல்லது ஸ்டியரிங் உதறுகிறது

பவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் பிரேக் ஆயிலை மாற்றிய தேதியைக் கேட்டால் முழிப்பார்கள். கடுமையாக ஓட்டிய பிறகு பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு தாங்க வேண்டிய அளவு 155 மட்டும். பெடல் கல் மாதிரி நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் ஆயிலில் குறை இல்லை, பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் காலில் தெரியும் இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 வேறு, அதை டாட் 4 இருந்த இடத்தில் ஊற்றலாம்.

உதறலுக்கு டிஸ்க் வளைந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சூடான பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். காலியான தடத்தில் நல்ல வேகத்திலிருந்து முழுதாக நிற்காமல், தொடர்ந்து பலமுறை அழுத்திக் குறைத்து, பிறகு பிரேக்கே தொடாமல் ஆறவிட்டு ஓட்டினால் பல நேரம் போய்விடும். சூடான பிரேக்கோடு நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

அறிகுறி: வாரக்கணக்கில் நின்ற கார் செல்ஃப் எடுக்கவில்லை, ஓடினால் அதிர்கிறது

பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டி வைப்பதுதான் தீர்வு. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவி என்று நினைக்கிறார்கள், அது கெடுதல். எண்ணெய் சூடாவதற்குள் அணைத்தால் பெட்ரோலும் தண்ணீரும் அதிலேயே தங்கும். எடுத்தால் எண்ணெய் முழுதாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

அதிர்வு முதல் சில கிலோமீட்டரில் மறைந்தால் டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையானது, கவலை வேண்டாம். மறையவில்லை என்றால் டயரின் பக்கச் சுவரில் 'DOT' என்று தொடங்கும் எழுத்துகளுக்குக் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். டயர் கட்டை (ட்ரெட்) தேயாமல் நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விட்ட டயரில் எத்தனை குதிரை இருந்தும் ரோட்டில் இறங்காது. நான்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு, அப்புறம் டைனோவுக்கு நேரம் வாங்குங்கள்.